போட்டியாளர்கள் ஏன் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள்? வெளிநாட்டு எம்.பி.ஏ. விண்ணப்பம் பற்றிச் சில குறிப்புகள்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் ஸ்கூலில் எம்.பி.ஏ. சேர வேண்டுமானால் ஒரு குழு விவாதத்தைத் தாண்டியாக வேண்டும். 2012-ல் வந்த வழக்கம் இது. ஐந்தாறு விண்ணப்பதாரர்களை ஒன்றாக உட்கார வைத்து, முன்கூட்டியே அனுப்பிய ஒரு கேள்விக்கு 35 நிமிடத்துக்குள் எல்லோரும் சேர்ந்து ஒரு பதிலைத் தயாரிக்கச் சொல்வார்கள். யார் எப்படிப் பேசுகிறார், அடுத்தவர் சொல்வதைக் கேட்கிறாரா, வாய் திறக்காமல் இருப்பவரைப் பேச்சுக்குள் இழுக்கிறாரா என்று ஸ்கூல் ஆட்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

இதைவிடச் சுவாரசியமான விஷயம் இதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் நடக்கிறது. அழைப்பு வந்தவர்கள் தாங்களாகவே ஒருவரையொருவர் தேடிப் பிடித்து ஒத்திகை பார்க்கிறார்கள். சென்னையில் இரவு ஒன்பதரை, லாகோஸில் மாலை ஐந்து, சாவோ பாலோவில் மதியம் ஒன்று. வீடியோவில் கூடி, ஒருவர் நேரம் பார்க்க, மற்றவர்கள் விவாதிக்கிறார்கள். முடிந்ததும் "நீங்க ஆரம்பத்துல நல்லா பேசினீங்க, ஆனா கடைசிப் பத்து நிமிஷம் காணாமப் போயிட்டீங்க" என்று மனசில் பட்டதைச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் அத்தனை பேரும் அதே சில நூறு இடங்களுக்கு மோதுபவர்கள்.

நம் ஊர்ப் போட்டித் தேர்வுகளில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். "நான் ஒண்ணுமே படிக்கலடா" என்று சொல்லிவிட்டு விடிய விடியப் படிக்கும் கலாச்சாரம் நம்முடையது. பிறகு இவர்கள் மட்டும் ஏன் இப்படி? இந்த உதவி எதுவரை நியாயம், எங்கே தப்பாகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடியபோது எடுத்த குறிப்புகள்தான் கீழே இருப்பவை. பெரும்பாலும் அமெரிக்க முழுநேர எம்.பி.ஏ.வை வைத்தே பேசுகிறேன்.

ரேங்க் லிஸ்ட் இல்லாத தேர்வு

முதலில் ஒரு அடிப்படை வித்தியாசம். நம் ஐ.ஐ.எம்.கள் கேட் மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எடை, பத்தாம் வகுப்புக்கு எவ்வளவு, வேலை அனுபவத்துக்கு எவ்வளவு என்று தேர்வு முறையை எழுதியே வெளியிடுகின்றன. பிடிக்கிறதோ இல்லையோ, கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்க பிசினஸ் ஸ்கூலில் அப்படி ஒரு கணக்கு கிடையாது. ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. மதிப்பெண், கல்லூரி மார்க், வேலை அனுபவம், கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள், பேட்டி என எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரு குழு படிக்கிறது. எடை என்ன, கட்-ஆஃப் என்ன என்று சொல்ல மாட்டார்கள். கட்-ஆஃப் இல்லை என்றே சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மையும்கூட.

ஏனென்றால் அவர்கள் தேடுவது முதல் 900 பேரை அல்ல. அவர்கள் ஒரு வகுப்பைக் கட்டுகிறார்கள். கேஸ் ஸ்டடி முறையில் பாடம் நடக்கும் இடத்தில் மாணவர்கள் பேசுவதுதான் பாடமே. அங்கே 90 பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் வகுப்பு செத்துவிடும். அதனால் ஒரு ராணுவ அதிகாரி, ஒரு மருத்துவர், இரண்டு மூன்று பேங்கர்கள், நைரோபியில் கம்பெனி தொடங்கிய ஒருவர் என்று கலந்து எடுக்கிறார்கள்.

விளைவு என்ன? உங்களை எல்லோரோடும் ஒப்பிடுவதைவிட, உங்களை மாதிரி இருப்பவர்களோடுதான் அதிகம் ஒப்பிடுகிறார்கள். ஐ.டி. கம்பெனியில் நான்கு வருஷம் வேலை பார்த்த இந்திய ஆண் இன்ஜினியர் என்றால், அதே வர்ணனைக்குப் பொருந்துபவர்கள் ஏராளம். அந்தக் கூட்டத்திலிருந்து தனியாகத் தெரிய வேண்டும். இது எந்த விளம்பரக் கையேட்டிலும் எழுதியிருக்காது. ஆனால் உள்ளே போனவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்கூல்கள் வெளியிடும் ஒரே பெரிய தகவல், சேர்ந்த வகுப்பின் சுருக்கப் படம். மீடியன் ஜிமேட் இவ்வளவு, வெளிநாட்டு மாணவர்கள் இத்தனை சதவீதம் என்று. மீடியன் என்றால் நடு ஆள். சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே இருந்தவர்கள். இதை மறந்துவிட்டு மீடியனையே கட்-ஆஃப் என்று நினைத்துப் பின்வாங்குபவர்கள் நிறைய.

காபி மெஷின் பக்கத்துப் பேச்சு

இப்போது இரண்டு விண்ணப்பதாரர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேருமே கற்பனைதான்.

ஒருவர் நியூயார்க்கில் பெரிய கன்சல்டிங் கம்பெனியில் மூன்றாம் வருஷ ஊழியர். அவருடைய மேனேஜர் ஹார்வர்டு, அவருக்கு மேலே இருப்பவர் வார்ட்டன், பக்கத்து சீட்டுக்காரர் போன மாதம்தான் ஸ்டான்ஃபோர்டு அட்மிஷன் வாங்கினார். எந்த ஸ்கூல் பேட்டியில் முழு விண்ணப்பத்தையும் படித்துவிட்டு வந்து கேட்பார்கள், எங்கே ரெஸ்யூமேவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள் என்பதெல்லாம் காபி மெஷின் பக்கத்தில் நின்றபடியே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பரிந்துரைக் கடிதம் எழுதும் மேனேஜருக்கு இதற்குமுன் பத்துக் கடிதம் எழுதிய பழக்கம் இருக்கும்.

இன்னொருவர் கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவை நடத்துபவர். அறுபது தொழிலாளர்களுக்குப் பொறுப்பு. உண்மையில் ஒரு வகுப்பறைக்கு இவர் கொண்டுவரக்கூடியது அதிகம். ஆனால் ஆபீஸில் யாருக்கும் ரவுண்டு என்றால் என்ன என்று தெரியாது. மேனேஜரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டால், "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்" என்பார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. நம் ஊரில் சான்றிதழ் எல்லாம் அப்படித்தான் வாங்குகிறோம்.

இந்த இரண்டு பேருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டிய அவசியமில்லை. வித்தியாசம் அந்தக் காபி மெஷின். முதல் ஆளுக்குச் சும்மா கிடைக்கும் தகவலை இரண்டாமவர் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அதை விற்பதற்கென்றே அட்மிஷன் கன்சல்டன்ட்கள் இருக்கிறார்கள். பல ஸ்கூல்களுக்குச் சேர்த்து எடுத்தால் கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர். அது முடியாதவர்களுக்கு மிஞ்சுவது வதந்தி.

விண்ணப்பதாரர்கள் தாங்களே கூடி ஒரு குழு அமைக்கிறார்கள் என்றால், அவர்கள் கையால் ஒரு காபி மெஷினைச் செய்துகொள்கிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்குத் தானாகக் கிடைப்பதை வெளியே இருப்பவர்கள் கூட்டு முயற்சியில் உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

உதவினால் எனக்கு நஷ்டமா?

"அதெல்லாம் சரி, நான் சொல்லிக் கொடுத்து அவன் உள்ளே போய், நான் வெளியே நின்றால்?" நியாயமான பயம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலுக்கு ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 9,000 முதல் 10,000 விண்ணப்பங்கள் வருகின்றன. இடங்கள் 900-க்குச் சற்று அதிகம். வசதிக்காக 10,000 பேர், 900 இடம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி வாய்ப்பு 9 சதவீதம்.

நீங்கள் 6 நண்பர்களுக்கு உதவுகிறீர்கள். உங்கள் உதவியால் அவர்கள் வாய்ப்பு இரண்டு மடங்காகி 18 சதவீதம் ஆகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேரும் சேர்ந்து கூடுதலாக எடுத்துக்கொள்வது சுமார் அரை இடம் (6 × 0.09 = 0.54). அந்த அரை இடம் மீதமிருக்கும் 9,994 பேரிடமிருந்து பிரிந்து போகிறது. உங்கள் பங்கு? உங்கள் வாய்ப்பு 9 சதவீதத்திலிருந்து 8.995 சதவீதம் ஆகும். அவ்வளவுதான்.

"ஆனா என்னை மாதிரி ஆட்களோடதான ஒப்பிடுவாங்கன்னு சொன்னீங்க?" சரி, அதையும் பார்ப்போம். உங்களை மாதிரி 500 பேர், அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது 45 இடம், உங்கள் நண்பர்கள் ஆறு பேரும் அதே கூட்டம் என்று வைத்துக்கொண்டாலும் இழப்பு பத்தில் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். பதிலுக்கு அந்த ஆறு பேர் உங்கள் கட்டுரையைப் படித்து, உங்களோடு ஒத்திகை பார்த்து, நீங்கள் கவனிக்காத தேதியை நினைவூட்டுகிறார்கள். எந்தப் பக்கம் லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கணக்கு உடையும் ஒரு இடமும் உண்டு. ஒரே கம்பெனி, ஒரே டீம், ஒரே மேனேஜரிடம் கடிதம் வாங்கும் இரண்டு பேர், ஒரே ஸ்கூலுக்கு, ஒரே ரவுண்டில் விண்ணப்பித்தால் அங்கே போட்டி நிஜம். அந்த இரண்டு பேர் ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்காமல் இருப்பதே நல்லது. நட்பும் பிழைக்கும்.

இன்னொரு காரணம் கணக்குக்கு அப்பாற்பட்டது. இன்று ஒத்திகையில் எதிரே இருப்பவர் நாளைக்கு வகுப்புத் தோழர். எம்.பி.ஏ.வில் வாங்கும் பட்டத்தைவிடப் பழக்கம்தான் பெரிது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பழக்கம் விண்ணப்பக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பகிர வேண்டியவை: தேதி, பணம், விசா

தேதியில் தொடங்கலாம். பெரும்பாலான ஸ்கூல்களில் செப்டம்பரில் முதல் ரவுண்டு, ஜனவரியில் இரண்டாவது, ஏப்ரல் வாக்கில் மூன்றாவது. ஹார்வர்டில் இரண்டே ரவுண்டுதான். வெளிநாட்டுக்காரர்கள் மூன்றாவது ரவுண்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. இடம் குறைவு என்பது ஒரு காரணம். அட்மிஷன் கிடைத்தபின் கடன், ஐ-20 படிவம், விசா பேட்டி எல்லாவற்றையும் வகுப்பு தொடங்குவதற்குள் முடிக்க முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். இன்னொரு சின்ன விஷயம்: பாஸ்டனில் மதியம் 12 மணிக்குக் கெடு என்றால் செப்டம்பரில் நமக்கு இரவு 9:30, ஜனவரியில் 10:30. அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை.

பணம்தான் இதில் கனமான பகுதி. முன்னணி அமெரிக்க ஸ்கூல்களில் ட்யூஷன் மட்டும் வருஷத்துக்கு 75,000 டாலரைத் தாண்டுகிறது. வீட்டு வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் இரண்டு வருஷத்துக்கு 2,00,000 டாலருக்கு மேல். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே 1 கோடியே 70 லட்சம். பிரான்ஸிலும் சிங்கப்பூரிலும் வளாகம் வைத்திருக்கும் இன்சியாட் 10 மாதப் படிப்பு, ட்யூஷன் ஏறக்குறைய 1 லட்சம் யூரோ. ஒரு வருஷச் சம்பள இழப்பு மிச்சம் என்பதால்தான் பலர் அங்கே போகிறார்கள்.

ஒரு கோடி ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருஷம் என்று போட்டால் மாதத் தவணை சுமார் 1,37,750 ரூபாய். அமெரிக்காவில் வேலை கிடைத்தால் இது பெரிய விஷயமில்லை. வேலை கிடைக்காமலோ விசா கிடைக்காமலோ ஊருக்குத் திரும்பி இந்தியச் சம்பளத்தில் கட்ட வேண்டுமென்றால்? அரசு வங்கிகளில் பெரிய கல்விக் கடனுக்கு வழக்கமாக அடமானம் கேட்பார்கள். அது பெரும்பாலும் அப்பா அம்மா குடியிருக்கும் வீட்டின் பத்திரம். ஆக இது ஒருவருடைய கேரியர் முடிவு மட்டும் இல்லை. ஒரு குடும்பத்தின் கூரை சம்பந்தப்பட்டது. இதைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசிக்கொள்ள நாலு பேர் இருப்பதுதான் ஒரு குழுவின் மிகப் பெரிய பயன் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பணப் பிரச்சினைக்கு ஒரு விடையே இப்படிப்பட்ட கூட்டிலிருந்துதான் பிறந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த நாட்டில் கடன் வரலாறு கிடையாது, ஜாமீன் போட ஆளும் கிடையாது, அதனால் உள்ளூர் வங்கி கடன் தராது. இந்தச் சிக்கலை இன்சியாடில் படித்தபோது நேரில் அனுபவித்த சிலர் சேர்ந்து 2007-ல் புராடிஜி ஃபைனான்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஜாமீனும் அடமானமும் கேட்காமல், படித்து முடித்தபின் இவர் எவ்வளவு சம்பாதிப்பார் என்று பார்த்துக் கடன் கொடுப்பது அவர்கள் முறை. முன்னாள் மாணவர்கள் போடும் பணத்தைப் புது மாணவர்களுக்குக் கடனாகக் கொடுப்பது என்பதுதான் ஆரம்ப யோசனை. இன்றைக்கு இதே வேலையைச் செய்யும் நிறுவனங்கள் பல.

ஆனால் இதிலும் ஒரு முள் உண்டு. இப்படி வாங்கும் கடன் டாலரில் இருக்கும். 2007-ல் ஒரு டாலர் 40 ரூபாயை ஒட்டி இருந்தது. இன்று அதன் இரு மடங்குக்கும் மேல். ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருப்பவர்கள் டாலர் கடனையும் ரூபாய்க் கடனையும் வட்டி விகிதத்தை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது.

அடுத்து விசா. எஃப்-1 விசாவில் படித்தவர்கள் முடித்தபின் 12 மாதம் வேலை பார்க்கலாம். படிப்பு அறிவியல்-தொழில்நுட்பப் பிரிவில் வகைப்படுத்தப்பட்டிருந்தால் இன்னும் 24 மாதம். பல எம்.பி.ஏ. படிப்புகள் முழுதாகவோ பகுதியாகவோ இந்தப் பிரிவுக்குள் வந்துவிட்டன. ஆனால் ஒரே ஸ்கூலில் ஒரு சிறப்புப் பாடம் உள்ளே இருக்கும், இன்னொன்று வெளியே இருக்கும். கேட்காமல் சேர்ந்தால் இரண்டு வருஷம் போச்சு. அதற்கப்புறம் எச்-1பி. வருஷத்துக்கு 85,000 என்ற வரம்பு, குலுக்கல் வேறு.

2025 செப்டம்பரில் புது எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபரின் பிரகடனம் வந்தது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று பேச்சு. அடுத்த மாதம் வந்த அரசு விளக்கத்தில், அமெரிக்காவுக்குள்ளேயே இருந்துகொண்டு மாணவர் நிலையிலிருந்து மாறுபவர்களுக்கு இந்தக் கட்டணம் பொருந்தாது என்று தெளிவானது. நடுவில் இருந்த ஒரு மாதத்தில் வதந்தியை நம்பாமல், மூல அறிவிப்பைத் திறந்து வரி வரியாகப் படித்துச் சொல்ல ஒருவர் இருந்த குழு புண்ணியம் செய்த குழு.

கோடு எங்கே?

இனி இரண்டாவது கேள்வி. உதவி எங்கே தப்பாகிறது? நடந்த மூன்று சம்பவங்கள் இதற்குப் போதும்.

2005 மார்ச். பல ஸ்கூல்கள் ஒரே கம்பெனியின் விண்ணப்ப மென்பொருளைப் பயன்படுத்தி வந்தன. முகவரியில் சில எண்களை மாற்றினால் முடிவு அறிவிப்பதற்கு முன்பே தன் முடிவைப் பார்த்துவிடலாம் என்று ஒருவர் கண்டுபிடித்து, வழிமுறையை இணையத்தில் எழுதிவிட்டார். சில மணி நேரம்தான் அது வேலை செய்தது. பலருக்குத் தெரிந்தது வெற்றுப் பக்கம். ஆனாலும் அப்படி எட்டிப் பார்த்த 119 பேரையும் ஹார்வர்டு நிராகரித்தது. எம்.ஐ.டி.யும் கார்னகி மெலனும் அப்படியே செய்தன. டார்ட்மவுத்தின் டக் ஸ்கூல் மட்டும், தப்புதான், ஆனால் இதற்காகவே நிராகரிக்க மாட்டோம், மற்றவற்றோடு சேர்த்துப் பார்ப்போம் என்றது. யார் செய்தது சரி என்று இன்றும் விவாதிக்கலாம். அந்த 119 பேரில் அட்மிஷன் உறுதியாகியிருந்தவர்களும் இருந்திருப்பார்களே என்பது என் வருத்தம். அதைத் தெரிந்துகொள்ள இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் போதும்.

2008. ஸ்கோர்டாப் என்ற தளம், அப்போது தேர்வில் நடைமுறையில் இருந்த ஜிமேட் கேள்விகளைச் சந்தாதாரர்களுக்குக் கொடுத்துவந்தது. தேர்வை நடத்தும் அமைப்பு வழக்குப் போட்டது. நீதிமன்றம் 23 லட்சம் டாலர் இழப்பீடு விதித்துத் தளத்தை ஒப்படைக்கச் சொன்னது. பிறகு 84 பேரின் மதிப்பெண்கள் ரத்து செய்யப்பட்டன. அவர்களில் கேள்வியைப் போட்டவர்கள் சிலரே. "ஆமா, இது எனக்கு வந்துச்சு" என்று நன்றி சொல்லி எழுதியவர்கள்தான் அதிகம். நன்றி சொன்னதே சாட்சியாகிவிட்டது.

2012. யு.சி.எல்.ஏ.வின் ஆண்டர்சன் ஸ்கூல், கட்டுரைகளை நகல் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்து, 52 விண்ணப்பங்களை நிராகரித்தது. அடுத்தவர் வாக்கியம் தன் வாழ்க்கைக் கதைக்குள் வந்திருந்தது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கோடு ஓரளவு தெளிவாகிறது. எல்லோருக்கும் சொல்லக்கூடிய தகவல், அதாவது பேட்டி எத்தனை நிமிடம், கடன் எங்கே, தேதி என்ன, இவையெல்லாம் பகிரலாம். இன்னும் திறக்கப்படாத பெட்டிக்குள் இருப்பது, அதாவது தேர்வுக் கேள்வியும் வெளிவராத முடிவும், பகிரக் கூடாது. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டியதை அடுத்தவர் எழுதித் தரக் கூடாது.

அந்த மூன்றாவதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பரிந்துரைக் கடிதத்தை நீங்களே எழுதினால், கட்டுரையும் கடிதமும் ஒரே குரலில் ஒலிக்கும். தினமும் படிப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும். பல ஸ்கூல்கள் அட்மிஷன் கொடுத்தபின் வெளி நிறுவனத்தை வைத்து வேலை, சம்பளம், பரிந்துரைத்தவர் வரை சரிபார்க்கின்றன. "நீயே எழுதிக் கொண்டா" என்று சொல்லும் மேனேஜரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: நான் செய்த மூன்று வேலைகள், நடந்த தேதிகள், நீங்கள் அன்று என்னைத் திட்டிய ஒரு சம்பவம். அதை வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்து அவர் தன் வார்த்தையில் எழுதட்டும். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. அவர்கள் அவருடைய ஆங்கிலத்தை மதிப்பிடவில்லை.

காதில் விழுவதை எப்படி எடுத்துக்கொள்வது?

குழுவில் புழங்கும் தகவலுக்கு இரண்டு நோய்கள் உண்டு.

ஒன்று, ஜெயித்தவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். 50 பேர் ஒரே மாதிரி கட்டுரை எழுதி 3 பேருக்குக் கிடைத்தால், அந்த மூன்று பேரின் கட்டுரைதான் "கிடைக்க வைத்த கட்டுரை" என்று சுற்றும். மீதி 47 பேர் அமைதியாக வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். கிடைக்காதவர்களையும் அனுபவம் எழுத வைக்கும் குழுதான் உண்மையைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளும்.

இரண்டு, தகவல் பழசாகிவிடும். ஜிமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954-லிருந்து நடக்கும் தேர்வு, 2023 நவம்பரில் புது வடிவம் வந்தது. இரண்டே கால் மணி நேரம், மூன்று பகுதிகள், மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழையதில் 200 முதல் 800. பார்க்க ஒன்று போலத் தெரிந்தாலும் அளவுகோல் வேறு. பழைய 700-க்கு இணை புதிதில் ஏறக்குறைய 645. மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும் என்பதால் இரண்டுமே இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. "700 இல்லாம அப்ளை பண்ணாதே" என்று அண்ணன் சொன்னால், எந்த 700 என்று கேளுங்கள்.

"என் வாய்ப்பு எவ்வளவு?" என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பதில் பயனே இல்லை. ஒரு வரி விவரத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் கூடாது.

குழு நடத்துவது

நன்றாக நடக்கும் குழுக்களில் சில பொதுக் குணங்கள் உண்டு.

ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் பேசுபவர் இரண்டு பேர், வேடிக்கை பார்ப்பவர் ஐம்பது பேர் என்று ஆகிவிடும். ஒரே ரவுண்டு, வெவ்வேறு துறை என்று சேர்ந்தால் நல்லது. கட்டுரைக்குக் கருத்து சொல்லலாம், வாக்கியம் எழுதித் தரக் கூடாது. எந்தத் தகவலுக்கும் வருஷமும் எங்கிருந்து வந்தது என்பதும் குறிக்க வேண்டும். இரண்டு ஸ்கூலில் கிடைத்தவர்கள் வேண்டாத இடத்தை உடனே விட்டுக்கொடுக்க வேண்டும், காத்திருப்புப் பட்டியலில் ஒருவர் அதற்காகத் தூங்காமல் இருப்பார்.

கடைசியாக ஒன்று, பலரும் யோசிக்காதது. இப்படிப்பட்ட குழுவுக்கு எமன் போட்டி இல்லை, வெற்றி. எல்லாம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஆகஸ்டிலும் விமானம் ஏறிப் போய்விடுகிறார்கள். புது வகுப்பு, புது நண்பர்கள், இன்டர்ன்ஷிப் வேட்டை, குழு ஞாபகம் வராது. அடுத்த செப்டம்பரில் புதியவர்கள் அதே கேள்விகளோடு சூன்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். நியூயார்க் கம்பெனியில் அப்படி ஆவதில்லை, அங்கே படித்து முடித்தவர் அதே ஆபீஸுக்குத் திரும்பி வருகிறார், அடுத்த ஆளுக்கு மேனேஜர் ஆகிறார்.

அதனால் உள்ளே போனவரிடம் குழு கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. முதல் வருஷம் முடிந்ததும், அடுத்து வரும் ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். வேலை கிடைத்ததா, தவணை கட்ட முடிகிறதா, திரும்பவும் முடிவெடுக்கச் சொன்னால் போவீர்களா என்று அவர் கேட்பதற்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். கோயம்புத்தூரில் இருக்கும் அந்த ஆள் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வங்கியில் வைப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தப் பதில்தான்.